நீலப்பறவையும் மரப்பெட்டியும்



வரலாறு என்றால் நம் மாணவர்களுக்கு உடனே நினைவுக்கு வருபவை மன்னர்களும் போர்களும் ஒப்பந்தங்களுமே. ஆனால் ஒரு சிறு பறவைக்கும் வரலாறு உண்டு. மனிதன் எங்கே மரத்தை வெட்டினான், எங்கே வேலி போட்டான், எந்தக் கப்பலில் எதை ஏற்றி வந்தான் என்பனவெல்லாம் அந்தப் பறவையின் வாழ்விலும் பதிந்திருக்கின்றன. வட அமெரிக்காவில் வாழும் நீலப்பறவையின் கதை அத்தகையது. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்திருந்த அப்பறவை, மனிதனின் செயலால் அருகிப்போய், பிறகு மனிதனின் செயலாலேயே மீண்டு வந்தது. அந்த மீட்சி எப்படி நிகழ்ந்தது என்பதை இன்று காண்போம்.

முதலில் பறவையை அறிமுகம் செய்துகொள்வோம். நம் நாட்டுக் காடுகளிலும் நீல முதுகுடைய பறவை ஒன்று உண்டு. அது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் பேசும் நீலப்பறவை அமெரிக்கக் கண்டத்துக்கே உரியது. அதில் மூன்று இனங்கள் உள்ளன: கிழக்கு நீலப்பறவை, மேற்கு நீலப்பறவை, மலை நீலப்பறவை. முதலிரண்டிலும் ஆண் பறவைக்கு முதுகு நீலம், மார்பு செம்மண் நிறம். மலை நீலப்பறவையின் ஆணோ வானத்தையே போர்த்தியதுபோல் நீலமாக இருக்கும். இதில் ஒரு வியப்பு உண்டு. அந்த இறகுகளில் நீலச் சாயமே கிடையாது. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறச் செய்வதால்தான் நம் கண்ணுக்கு அது நீலமாகத் தெரிகிறது.

இப்பறவை சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியது. புல்வெளியில் வெட்டுக்கிளி, வண்டு, புழு ஆகியவற்றைப் பிடித்துத் தின்னும். குளிர்காலத்தில் பூச்சி கிடைக்காதபோது காட்டுப் பழங்களை உண்டு காலம் தள்ளும். கூடு கட்டுவது மரப்பொந்தில். ஆனால் பொந்தைத் தானே குடையும் வலிமை அதன் அலகுக்கு இல்லை. மரங்கொத்தி குடைந்து கைவிட்ட பொந்தோ, பட்டுப்போன மரத்தில் தானாக விழுந்த குழியோ கிடைத்தால்தான் அதற்கு வீடு. இந்த ஒரு செய்தியை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுவே அடிப்படை.

ஐரோப்பியர்கள் வட அமெரிக்காவில் குடியேறி அடர்ந்த காடுகளை அழித்தபோது, நீலப்பறவைக்கு முதலில் நன்மையே விளைந்தது. காடு இருந்த இடத்தில் மேய்ச்சல் நிலங்களும் ஆப்பிள் தோட்டங்களும் தோன்றின. திறந்த வெளியில் இரை தேடும் பறவைக்கு அது நல்வாய்ப்பு அன்றோ! முதிர்ந்த ஆப்பிள் மரங்களில் பொந்துகள் இருந்தன. மரத்தாலான வேலிக் கம்பங்கள் உளுத்துப்போய் அவற்றிலும் குழிகள் விழுந்தன. குடியானவனின் வேலியோரத்திலேயே பறவை குடும்பம் நடத்தியது. பனிக்காலம் முடிந்ததும் முதலில் வந்து பாடும் பறவை என்று மக்கள் அதை அன்போடு வரவேற்றார்கள். மிசௌரி மாநிலம் 1927-இல் அதைத் தன் மாநிலப் பறவையாக்கியது. 1931-இல் ஐடஹோ மாநிலம் மலை நீலப்பறவைக்கு அந்தச் சிறப்பை அளித்தது.

இந்த நல்ல காலம் நிலைக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நியூயார்க்கை அடுத்த புரூக்ளினில் மரங்களின் இலைகளைப் புழுக்கள் தின்று தீர்த்தன. புழுவைத் தின்னும் என்று நம்பி, 1850-ஆம் ஆண்டுவாக்கில் இங்கிலாந்திலிருந்து சிட்டுக்குருவிகளை வரவழைத்து அங்கே பறக்கவிட்டார்கள். வேறு பல நகரங்களும் அதையே செய்தன. குருவி புழுவை ஒழிக்கவில்லை, ஊரை நிறைத்தது. அதுவும் பொந்தில் கூடு கட்டும் பறவை. ஆண்டு முழுவதும் இடம்பெயராமல் இருப்பதால், நீலப்பறவை தெற்கிலிருந்து திரும்பி வருமுன்னே பொந்துகளைப் பிடித்துக்கொள்ளும். நீலப்பறவை கூடு கட்டிவிட்டாலும் குருவி உள்ளே புகுந்து முட்டைகளைக் குத்தும், குஞ்சுகளைக் கொல்லும். சில வேளைகளில் அடைகாக்கும் தாயையும் பொந்துக்குள்ளேயே குத்திக் கொன்றுவிடும்.

இது எங்கோ நடந்த பேதைமை என்று நாம் நகைக்க இயலாது. இந்நாட்டிலேயே 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் காப்பித் தோட்டங்களில் புழுக்கள் பெருகியபோது, அவற்றைத் தின்னட்டும் என்று சிலோனிலிருந்து காகங்களைக் கிள்ளான் வட்டாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். காப்பித் தோட்டங்கள் போய்விட்டன. ரப்பர் வந்தது, செம்பனை வந்தது. காகங்கள் மட்டும் பெருகி, பின்னாளில் அவற்றைக் குறைக்க நகராட்சிகள் பெரும்பாடு படவேண்டியதாயிற்று. ஒரு நோய்க்கு மருந்தென்று கொண்டுவரும் உயிர் மற்றொரு நோயாக மாறக்கூடும் என்பதற்குப் புரூக்ளின் குருவியும் கிள்ளான் காகமும் ஒரே பாடத்தின் இரண்டு எடுத்துக்காட்டுகள்.

குருவியோடு தொல்லை முடியவில்லை. 1890-இலும் 1891-இலும் யூஜீன் ஷிஃபெலின் என்பவர் நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்காவில் ஏறத்தாழ நூறு ஐரோப்பிய ஸ்டார்லிங் பறவைகளைத் திறந்துவிட்டார். ஸ்டார்லிங் நம் மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. மைனாவைப் போலவே துணிச்சலும் சண்டைக் குணமும் கொண்டது. அந்த நூறு பறவைகளின் வழித்தோன்றல்கள் கண்டம் முழுவதும் பரவிக் கோடிக்கணக்கில் பெருகின. இருக்கின்ற சில பொந்துகளுக்கும் இப்போது இரு புறத்துப் போட்டி ஏற்பட்டது.

பொந்துகளோ நாளுக்கு நாள் குறைந்தன. பட்ட மரங்களை விறகுக்கு வெட்டினார்கள். பழைய ஆப்பிள் தோட்டங்களைச் சீர்திருத்தினார்கள். மரக் கம்பங்கள் இருந்த இடத்தில் இரும்புக் கம்பங்கள் வந்தன. பழத்தோட்டங்களிலும் வயல்களிலும் தெளித்த பூச்சிமருந்து, பூச்சியை உண்ணும் பறவையையும் தாக்கியது. இவற்றுக்குமேல் இயற்கையின் சீற்றமும் சேர்ந்துகொண்டது. 1895-இல் அமெரிக்காவின் தென்பகுதியைத் தாக்கிய கடுங்குளிரில் நீலப்பறவைகள் பெருந்தொகையில் மடிந்தன. 1957-58 குளிர்காலத்திலும் அதே கொடுமை நிகழ்ந்தது. குளிரில் மாண்டவற்றின் இடத்தை நிரப்பக் குஞ்சுகள் வேண்டும், குஞ்சு பொரிக்கப் பொந்து வேண்டும், பொந்துதான் இல்லையே! 1960-களில் வளர்ந்த பிள்ளைகள் பலர் நீலப்பறவையைப் படத்தில் மட்டுமே கண்டார்கள். தாத்தாவுக்குத் தெரிந்த பறவை பேரனுக்குத் தெரியாமல் போயிற்று.

இனி மீட்சியின் கதைக்கு வருவோம். இல்லினாய் மாநிலத்தில் குவின்சி என்றோர் ஊர். அங்கே தாமஸ் மசல்மேன் என்ற பறவை ஆர்வலர் 1930-களில் ஓர் எளிய வழியைக் கையாண்டார். பொந்து இல்லையென்றால் மரப்பலகையால் ஒரு பெட்டி செய்து வைத்தால் என்ன? தோட்டத்துக்கு ஒரு பெட்டி என்பது பழைய பழக்கம்தான். அவர் செய்த புதுமை, நாட்டுப்புறச் சாலையோர வேலிக் கம்பங்களில் பெட்டிகளை வரிசையாகப் பொருத்தி, அந்த வழியே சென்று ஒவ்வொன்றையும் பார்த்துவருவதுதான். இப்படி உண்டானதே ‘நீலப்பறவைத் தடம்’ என்னும் முறை. அதே காலத்தில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் வில்லியம் டங்கன் என்பவரும் பெட்டிகளை வடிவமைத்துப் பரப்பிவந்தார்.

பெட்டிதானே என்று எண்ணிவிடலாகாது. அதன் ஒவ்வோர் அளவுக்கும் காரணம் உண்டு. வாயில் வட்டமாக ஒன்றரை அங்குலம் இருக்க வேண்டும். மலை நீலப்பறவைக்கு மட்டும் இம்மி கூடுதல். அந்த அளவுக்குள் நீலப்பறவை நுழையும், உடல் பெருத்த ஸ்டார்லிங் நுழைய முடியாது. வாயிலின்முன் உட்காரக் குச்சி வைக்கக் கூடாது. நீலப்பறவைக்கு அது தேவையில்லை, குருவிக்கோ வசதியாகிவிடும். அடியில் நீர் வடியத் துளைகள், மேலே காற்றோட்டத்துக்கு இடைவெளி, மழை உள்ளே அடிக்காமல் முன்னால் நீண்ட கூரை, துப்புரவு செய்யத் திறக்கக்கூடிய ஒரு பக்கம் ஆகியவையும் வேண்டும். பாம்பும் ரக்கூன் என்னும் விலங்கும் ஏறாதபடி கம்பத்தில் தகரத் தடுப்பு வைப்பார்கள். ஒரு நீலப்பறவை இணை மற்றோர் இணையை அருகில் குடியிருக்க விடாது. ஆகவே பெட்டிக்குப் பெட்டி நூறு கஜமாவது தள்ளியிருக்க வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. மரத் தகைவிலான் என்ற உள்நாட்டுப் பறவையும் இதே பெட்டிகளை நாடும். அதை விரட்டுவது முறையன்று. அதுவும் அந்த மண்ணுக்குரியதே. எனவே சில அடி இடைவெளியில் இரண்டு பெட்டிகளை இணையாக வைத்தார்கள். தகைவிலான் ஒரு பெட்டியில் குடியேறினால் இன்னொரு தகைவிலானைப் பக்கத்தில் நெருங்கவிடாது, நீலப்பறவையையோ பொறுத்துக்கொள்ளும். இரண்டும் அண்டைவீட்டாராக வாழ்ந்தன. சண்டையைத் தீர்க்க ஒருவரைத் துரத்த வேண்டியதில்லை, இன்னொரு வீடு கட்டிக் கொடுத்தால் போதும் என்று கண்டவர்களை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

ஆசிரியர்களாகிய நம் உள்ளத்தைத் தொடும் பகுதி கனடாவில் நிகழ்ந்தது. மனிடோபா மாநிலத்துப் பிராண்டன் நகரில் ஜான் லேன், நோரா லேன் என்னும் தம்பதியர் 1959-இல் சிறுவர்களைக் கொண்டு ஒரு பறவைக் கழகம் அமைத்தார்கள். பிள்ளைகள் பலகை அறுத்தார்கள், ஆணி அடித்தார்கள், பெட்டிகளைக் கொண்டுபோய்ச் சாலையோரக் கம்பங்களில் மாட்டினார்கள். ஆண்டுக்கு ஆண்டு அந்தத் தடம் நீண்டு, அண்டை மாநிலமான சஸ்காச்சவானில் மற்றவர்கள் போட்ட தடங்களோடு இணைந்து, புல்வெளி நாட்டின் குறுக்கே நெடுந்தொலைவு படர்ந்தது. பாடநூலில் படித்தது மறந்துபோகலாம். தான் அடித்த பெட்டியில் நான்கு நீல முட்டைகளைக் கண்ட பிள்ளை அதை மறக்குமா?

ஐக்கிய அமெரிக்காவில் இம்முயற்சியை நாடளாவிய இயக்கமாக்கியவர் லாரன்ஸ் ஜெலனி. அமெரிக்க விவசாயத் துறையில் உயிர் வேதியியல் அறிஞராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மேரிலாந்து மாநிலத்துப் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலத்தில் ஒரு தடம் அமைத்துத் தம் முதுமைக் காலத்தை அதற்கே அளித்தார். 1976-இல் நீலப்பறவையைக் காப்பது பற்றி ஒரு நூல் எழுதினார். 1977 ஜூன் மாதம் ‘நேஷனல் ஜியோகிராஃபிக்’ ஏட்டில் அவரது கட்டுரை அழகிய வண்ணப்படங்களுடன் வெளியாயிற்று. மறு ஆண்டே, 1978-இல், வட அமெரிக்க நீலப்பறவைச் சங்கம் தோன்றியது. பெட்டியின் அளவுகள், தடம் பராமரிக்கும் முறை, கணக்கெடுக்கும் முறை ஆகியவை நாடெங்கும் பரவின. ஜெலனி 1995-இல் மறைந்தார், சங்கம் தொடர்கிறது.

இவ்விடத்தில் ஒரு கடினமான கேள்வியை நாம் தாண்டிச் செல்லக் கூடாது. பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டால், குருவி அதில் குடியேறிவிடும். நீலப்பறவைக்கென்று வைத்த பெட்டி நீலப்பறவையைக் கொல்லும் பொறியாகவே ஆகிவிடும். அதனால் தடம் காப்போர் வாரந்தோறும் பெட்டியைத் திறந்து பார்த்துக் குருவிக் கூட்டை அகற்றுகிறார்கள். சிலர் குருவியைப் பிடித்துக் கொல்லவும் செய்கிறார்கள். வெளியிலிருந்து வந்த பறவை என்பதால் அமெரிக்காவில் அதற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. வீட்டு முற்றத்தில் குருவிக்கு நொய்யரிசி தூவி வளர்ந்த நமக்கு இதைக் கேட்க நெஞ்சு கூசுகிறது. இந்தியாவிலும் இங்கிலாந்திலும் பல நகரங்களில் இன்று குருவி குறைந்துவருகிறதே என்று மக்கள் கவலைப்படுகிறார்கள் என்பதும் உண்மை.

குருவி குற்றவாளியா? அன்று. அது தன் இயல்புப்படி நடக்கிறது. அதனைக் கடல்கடத்திக் கொண்டுவந்த கை மனிதனுடையது. கொண்டுவந்தவர்கள் இறந்துபோனார்கள், விளைவை நேர்செய்யும் கடமை அவர்கள் முகமே அறியாத பேரப்பிள்ளைகள் மேல் விழுந்தது. கொல்லாமலே காக்க முடியுமா என்று அங்கே பலர் முயன்றுகொண்டிருக்கிறார்கள். பெட்டியைக் கட்டடங்களிலிருந்து விலக்கித் திறந்தவெளியில் வைப்பது, குருவி விரும்பும் தானியங்களை அருகே போடாதிருப்பது போன்றவை அவர்கள் கண்ட வழிகள். முற்றிலும் மென்மையான விடை கிடைத்துவிட்டதென்று சொல்ல இயலாது. ஒரு தவறு நூறாண்டு கழிந்த பின்னும் எப்படி வட்டி கேட்கிறது என்பதை மட்டும் நாம் உணர்ந்தால் போதும்.

ஜெலனியின் கட்டுரை பலர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்களுள் ஒருவர் ஐடஹோ மாநிலத்தைச் சேர்ந்த ஆல் லார்சன். பணி ஓய்வை எதிர்நோக்கியிருந்த வயதில், 1978-இல், அவர் தம் முதல் பெட்டிகளைச் செய்தார். பொழுதுபோக்காகத் தொடங்கியது வாழ்க்கைப் பணியாயிற்று. மாநிலத்தின் தென்மேற்குப் பகுதியில், மலைச் சாலைகளை ஒட்டிய பல தடங்களில், 300-க்கும் மேற்பட்ட பெட்டிகளை அவர் பராமரித்தார். முட்டைகளை எண்ணினார், குஞ்சுகளின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டினார், ஒவ்வொன்றையும் ஏட்டில் பதிந்தார். முப்பதாண்டுகளுக்கு மேலாக ஒரே கையால் திரட்டப்பட்ட அந்தக் குறிப்புகள் ஆய்வாளர்களுக்குப் பெருஞ்செல்வமாயின.

வனவிலங்கு ஆய்வில் பயிற்சி பெற்ற இளைஞர்கள் சிலர் அம்மாநிலத்தில் ‘வைல்ட் லென்ஸ்’ என்னும் திரைப்பட அமைப்பை நடத்திவந்தார்கள். அவர்கள் லார்சனோடு தடங்களில் நடந்து, அவர் பணியைப் படம்பிடித்து, 2014-இல் ‘புளூபேர்ட் மேன்’ என்ற விவரணப் படத்தை வெளியிட்டார்கள். லார்சனுக்கு அப்போது வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. படம் அரை மணி நேர அளவினதே. ஆயினும் அது எழுப்பிய கேள்வி பெரிது. இந்தப் பெரியவருக்குப் பிறகு இந்தப் பெட்டிகளை யார் திறந்து பார்ப்பார்கள்?

அந்தக் கேள்வி லார்சனுக்கு மட்டும் உரியதன்று. 1970-களில் இயக்கத்தில் சேர்ந்தவர்கள் எல்லாரும் முதுமையடைந்து வந்தார்கள். நீலப்பறவை வனத்தை நம்பி வாழ்ந்த காலம் போய், தடம் காக்கும் மனிதரை நம்பி வாழும் காலம் வந்துவிட்டது. ஒரு தலைமுறை கையை எடுத்தால் பலகை உளுத்துவிடும், குருவி புகுந்துவிடும். இங்கேதான் திரைப்படத்தின் பயன் தெரிகிறது. ஏடு எண்ணிக்கையைச் சொல்லும். முதியவர் ஒருவர் பெட்டிக் கதவைத் திறந்து குஞ்சை உள்ளங்கையில் ஏந்துவதைப் படமே காட்டும். அதைக் காணும் இளைஞன் ‘இது நானும் செய்யக்கூடியதுதானே’ என்று எண்ணுகிறான். 1977-இல் ஓர் ஏட்டுக் கட்டுரை லார்சனுக்குச் செய்ததை, 2014-இல் லார்சனின் படம் பிறருக்குச் செய்தது.

பணி தொடர வேறு ஏற்பாடுகளும் உண்டு. கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் சார்லி எல்லிஸ், வின்னி எல்லிஸ் என்ற உடன்பிறப்புகள் தங்கள் பண்ணையில் நூற்றுக்கணக்கான பெட்டிகளை வைத்திருந்தார்கள். 1982-இல் அப்பண்ணை ஒரு பொது அமைப்பாக நிறுவப்பட்டது. அவர்கள் மறைந்த பின்னும் அங்கே பெட்டிகள் காக்கப்படுகின்றன. மக்கள் சென்று பார்க்கிறார்கள்.

பலன் என்ன? 1966 முதல் வட அமெரிக்காவில் ஆண்டுதோறும் பறவைக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. கிழக்கு நீலப்பறவையின் எண்ணிக்கை அக்காலம் முதல் ஏறுமுகமாக இருப்பதை அது காட்டுகிறது. இதற்குப் பெட்டி மட்டுமே காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. 1972-இல் அமெரிக்கா டி.டி.டி. மருந்துக்குத் தடை விதித்ததையும் மறக்கலாகாது. ஆனால் பொந்தில்லாத நாட்டில் பொந்து வேண்டும் பறவை பெருகியதற்குப் பெட்டிகள் பேருதவி செய்தன என்பதில் ஐயமில்லை. இதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் அரசு அலுவலர்களோ பெருஞ்செல்வர்களோ அல்லர். குடியானவர்கள், ஓய்வு பெற்றவர்கள், இல்லத்தரசிகள், பள்ளிப் பிள்ளைகள்.

நம் தோட்டங்களிலும் இத்தகைய பெட்டி ஒன்று உண்டு. செம்பனைக் காட்டுக்குள் உயர்ந்த கம்பத்தில் ஆந்தைப் பெட்டி நிற்பதைப் பல நேயர்கள் கண்டிருப்பீர்கள். செம்பனைப் பழத்தைக் கடிக்கும் எலிகளை ஒழிக்க, நஞ்சு வைப்பதோடு நில்லாமல், கூகை ஆந்தைக்கு வீடு கொடுத்தார்கள். அங்கேயும் பாடம் இதுவே: பறவைக்கு நாம் சோறு போட வேண்டியதில்லை, அது குடியிருக்க இடம் விட்டால் போதும், தன் பங்கைத் தானே செய்துகொள்ளும்.

ஆகவே பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நாம் சொல்ல விரும்புவது இதுதான். பட்ட மரம் ஒன்று ஆபத்தில்லாத இடத்தில் நின்றால் அதை உடனே வெட்டாதீர்கள். அதில் யார் குடியிருக்கிறார்கள் என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்ததைத் தேதியோடு ஓர் ஏட்டில் எழுதச் சொல்லுங்கள். ஆண்டு முடிந்ததும் அந்த ஏட்டை அடுத்த வகுப்புப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். ஒப்படைப்பதுதான் முக்கியம். நீலப்பறவை பிழைத்தது பெட்டியால் மட்டுமன்று. ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடர்ந்ததால்.